சிப்ரோ 500 போட ஆரம்பிச்சதுல இருந்து அம்மாவுக்கு குதிகால் வலி, மாத்திரையை நிறுத்திடலாமா?

தாம்வே பையன்

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. அம்மாவுக்கு வயசு 67. சுகர் இருக்கு, ரொம்ப வருஷமா கிளிபென்கிளமைடு போடுறாங்க, பிரஷருக்கும் ஒரு மாத்திரை உண்டு. போன வாரம் ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு சொன்னாங்க, வழக்கம்போல உடம்பு சூடுன்னு வெந்தயத் தண்ணி, எளநின்னு ஓடிச்சு. அப்புறம் பாத்தா குளிர்காய்ச்சல், முதுகுல ஒரு பக்கம் விலாவுக்குக் கீழ வலி, ராத்திரி பூரா நடுக்கம். பக்கத்து கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனோம். டாக்டர் யூரின் பாத்துட்டு இன்ஃபெக்‌ஷன் கிட்னி வரைக்கும் ஏறியிருக்கும் போலன்னு சொல்லி சிப்ரோ 500ங்கற ஆன்டிபயாடிக், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, 7 நாளைக்கு எழுதிக்குடுத்தார். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்கற கல்ச்சர் டெஸ்ட்டுக்கும் யூரின் குடுத்திருக்கோம், ரிசல்ட் இன்னும் வரல.

இப்ப காய்ச்சல் கொறையுற மாதிரி கொறைஞ்சு மறுபடி சாயங்காலம் ஏறுது. அதோட புதுசா நேத்துல இருந்து வலது கால் குதிகாலுக்கு மேல நரம்பு புடிச்ச மாதிரி வலிக்குதுங்கறாங்க, காலை ஊன முடியல. தூக்கமும் இல்ல, கை லேசா நடுங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குதாம். மாத்திரை அட்டையோட வந்த தாளைப் படிச்சா எலும்பு, நரம்பு, மனசுன்னு என்னென்னமோ போட்டு பயமுறுத்துறான்.

தங்கச்சி உடனே நிறுத்துங்கறா. அத்தை, ஆன்டிபயாடிக்க பாதியில விட்டா கிருமிக்கு வெறி புடிச்சிரும், முழு கோர்ஸ் முடிச்சே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்குறாங்க. டாக்டர் சாயங்காலம்தான் வருவார், போன் லைன் கிடைக்கவே மாட்டேங்குது. இதுல அம்மாவுக்கு அடுத்த வாரம் பங்குனி உத்திரத்துக்கு பால் குடம் எடுக்கணும், வேண்டுதல், அதை விடவும் மாட்டேங்கறாங்க. நான் என்ன பண்றது?

மோல்மேன் மச்சான்

ப்ரோ சிப்ரோ ரொம்ப ஹை பவர், வயசானவங்களுக்கு தாங்காது. எங்க வீட்ல இதுக்கெல்லாம் அமாக்சிசிலின்தான், கடையில கேட்டா குடுப்பான், அஞ்சு நாள் போட்டா சரியாயிடும். சிப்ரோவ தூக்கிப் போட்டுட்டு அதை வாங்கிக் குடுங்க. பார்லித் தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுங்க.

பஸுண்டாங் நர்ஸக்கா

மோல்மேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க, இந்த யோசனை வேணாம். யூரின் இன்ஃபெக்‌ஷன்ல பெரும்பாலும் இருக்கறது ஈ.கோலைங்கற கிருமி, அது நம்ம குடல்லயே குடியிருக்கற சாமான். அமாக்சிசிலினுக்கு அடங்காத ஈ.கோலை இப்ப எல்லா ஊர்லயும் சர்வ சாதாரணம். கிட்னி வரைக்கும் ஏறி குளிர்காய்ச்சல் வந்தவங்களுக்கு அதைக் கண்ண மூடிக்கிட்டு குடுத்தா ரெண்டு நாள் வீணாப் போகும், அதுக்குள்ள கிருமி ரத்தத்துல கலந்துடுச்சுன்னா ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியதுதான்.

தாம்வே தம்பி, நான் வார்டுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. மொதல்ல ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொல்றேன், மத்ததெல்லாம் அப்புறம். குதிகாலுக்கு மேல வலின்னா, இந்த மாத்திரை விஷயத்துல அதை சும்மா வாயுப்பிடிப்புன்னு விடக்கூடாது. சிப்ரோ, லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் எல்லாம் ஒரே குடும்பம். கெண்டைக்காலையும் குதிகாலையும் சேக்கற தடிச்ச நாண் இருக்குல்ல, அதை வீங்க வைக்கும், சிலருக்கு அறுந்தே போகும். 60 வயசுக்கு மேல போனவங்களுக்கும், ஸ்டீராய்டு சேத்து எடுக்கறவங்களுக்கும் ஆபத்து அதிகம். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2008லயே இதுக்கு கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை எழுத வச்சது. அதனால அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீங்க, அம்மாவை நடக்க விடாதீங்க, எண்ணெய் போட்டு உருவுறது நீவுறது எதுவும் வேணாம்.

ஆனா, இந்த "ஆனா"வ நல்லா படிங்க, சிப்ரோவ நிறுத்திட்டு வீட்லயே உக்காந்துடாதீங்க. காய்ச்சல் இன்னும் விடல, கிட்னியில கிருமி இருக்கு. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, அந்த டாக்டர் இல்லேன்னா வேற டாக்டர், இன்னிக்கே வேற ஆன்டிபயாடிக் மாத்தி வாங்கணும். வாந்தி எடுத்து தண்ணி கூட நிக்கலைன்னாலோ, பேச்சு தடுமாறினாலோ, ஒண்ணுக்கே சரியா வரலைன்னாலோ கிளினிக் எல்லாம் வேணாம், நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.

அடுத்தது, கை நடுக்கம் படபடப்புன்னு எழுதியிருக்கீங்களே, அதைப் பாத்ததும் எனக்கு நாண் வலியை விட அதுதான் கவலையா இருக்கு. வீட்ல சுகர் பாக்கற மெஷின் இருந்தா இதைப் படிச்ச உடனே ஒரு தடவை பாருங்க. கிளிபென்கிளமைடும் சிப்ரோவும் சேந்தா சுகர் திடீர்னு கீழ எறங்கும், வயசானவங்களுக்கு இன்னும் மோசமா எறங்கும். 70க்கு கீழ இருந்தா மூணு நாலு ஸ்பூன் சர்க்கரையை தண்ணியில கரைச்சு உடனே குடுங்க, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. மெஷின் இல்லேன்னாலும் வேர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தா சர்க்கரையைக் குடுத்துடுங்க, சுகர் ஏறிடும்னு பயப்படாதீங்க, ஏறின சுகரை அப்புறம் பாத்துக்கலாம். மயக்கமா இருந்தா மட்டும் வாயில எதுவும் ஊத்தாதீங்க.

ஒண்ணு கேக்கணும். இந்த மாத்திரையை எதோட, எப்ப போடுறாங்க? வேற என்னென்ன மாத்திரை ஓடுது? கடையில வாங்கினது, பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்தது, பச்சிலை, எல்லாத்தையும் எழுதுங்க.

தாம்வே பையன்

அக்கா ரொம்ப நன்றி. சுகர் பாத்தேன், 61. பயந்தே போயிட்டேன். நீங்க சொன்ன மாதிரி சர்க்கரைத் தண்ணி குடுத்தேன், இப்ப 104, நடுக்கம் கொறைஞ்சிருக்கு. தங்கச்சி டாக்சி பிடிக்கப் போயிருக்கா, அனோரத்தா ரோட்ல வேற ஒரு கிளினிக் தொறந்திருக்குன்னாங்க, கெளம்புறோம்.

நீங்க கேட்டதுக்கு: காலையில எழுந்ததும் லப்பேயே, அதான் நம்ம பர்மா பால் டீ, இல்லாம அம்மாவுக்கு நாளே விடியாது, கட்டிப்பால் நல்லா ஊத்தி கெட்டியா போடணும். அதோடதான் சிப்ரோவையும் முழுங்குறாங்க. நாள் பூரா அஞ்சாறு கப் ஓடும். மாத்திரை வயித்தை எரிக்குதுன்னு வெள்ளையா ஒரு ஜெல் மருந்து, அதை ரெண்டு வேளையும் மாத்திரை போட்ட கையோட குடிக்கிறாங்க. எலும்புக்கு கால்சியம் மாத்திரை, ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரை. அப்புறம் முட்டிவலிக்கு மார்க்கெட் கடையில ஒரு சின்ன பிளாஸ்டிக் பாக்கெட், அதுக்குள்ள நாலஞ்சு கலர்ல மாத்திரை இருக்கும், பேர் எதுவும் இல்ல, அதைப் போட்டா அன்னிக்கு பறந்து பறந்து வேலை செய்வாங்க.

பஸுண்டாங் நர்ஸக்கா

நெனச்சேன். தம்பி, அந்த கலர் பாக்கெட்டை கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர் மேசையில வைங்க. எல்லா மாத்திரையையும் ஒரு பைல போட்டு கொண்டு போங்க, வாயால சொன்னா பாதி மறந்துடும்.

மருந்துக்கடை பாய்

அக்கா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ரொம்ப இல்ல, ஆனா கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கறவன்ங்கறதால கொஞ்சம் எழுதுறேன். தம்பி க்ளினிக்ல இருந்து வந்து மெதுவா படிங்க.

அந்த வெட்டுப் பாக்கெட்ல பொதுவா ஒரு வலி மாத்திரை, ஒரு வயித்து மாத்திரை, ஒரு வைட்டமின், கூட ஒரு ஸ்டீராய்டு இருக்க நெறைய வாய்ப்பு. போட்ட அன்னிக்கே பறந்து பறந்து வேலை செய்றாங்கன்னா எனக்கு மொத சந்தேகம் டெக்சாமெத்தசோன், ப்ரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு மேலதான். 67 வயசு, ஸ்டீராய்டு, சிப்ரோ, மூணும் ஒரே ஆள்கிட்ட சேந்தா குதிகால் நாண் வலிக்காம என்ன பண்ணும். இன்னொண்ணு, வலி மாத்திரையும் இந்தக் குடும்பத்து ஆன்டிபயாடிக்கும் சேந்தா சிலருக்கு வலிப்பு வர்ற அபாயமும் கூடும், கிட்னிக்கும் நல்லதில்ல. ரொம்ப நாளா அந்த பாக்கெட் போடுறாங்கன்னா ஸ்டீராய்டை ஒரேயடியா நிறுத்தறதும் ஆபத்து, அதையும் டாக்டர்கிட்ட கேட்டுத்தான் செய்யணும். எத்தனை மாசமா போடுறாங்கன்னு மறக்காம சொல்லுங்க.

அடுத்தது அந்த லப்பேயே, ஜெல், கால்சியம், இரும்பு. யாரும் கவுண்டர்ல நின்னு இதைக் கேக்கறதும் இல்ல, அவசரத்துல நாங்க சொல்றதும் இல்ல, அது எங்க தொழில்ல இருக்கற குறை. சிப்ரோ வயித்துல கரைஞ்சதும் அங்க கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், இரும்பு, ஜிங்க் எது இருந்தாலும் அதைக் கட்டிப் புடிச்சுக்கும். அப்படி கட்டிப்புடிச்ச ஜோடி குடலைத் தாண்டி ரத்தத்துக்குள்ள போகாது, நேரா கக்கூஸுக்குத்தான். பாலோட போட்டா ரத்தத்துல சேர்ற மருந்து கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கொறையுதுன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. அந்த வெள்ளை ஜெல் அலுமினியமும் மெக்னீசியமுமா இருந்தா இன்னும் மோசம், பெரும்பகுதி மருந்து வீண். ஆக அம்மா ரெண்டு வேளையும் மாத்திரையை வாயில போட்டாங்களே ஒழிய, உடம்புக்குள்ள எவ்வளவு போச்சுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். காய்ச்சல் ஏறி ஏறி எறங்கறதுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம்.

கணக்கு சிம்பிள். சிப்ரோவ ஜெல், கால்சியம், இரும்பு, ஜிங்க் எதுக்கும் 2 மணி நேரம் முன்னாடி போடணும், இல்லேன்னா அதெல்லாம் சாப்ட்டு 6 மணி நேரம் கழிச்சு போடணும். வெறும் பால், தயிரோட வேணாம். சோறு கொழம்போட போடலாம், சாப்பாட்டுல கொஞ்சம் மோர் இருந்துச்சுன்னா அதுக்காக அலற வேணாம். ஒரு பெரிய டம்ளர் தண்ணி, நாள் பூராவும் தண்ணி. இரும்பு மாத்திரையை அந்த ஒரு வாரம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்தி வச்சாலும் தப்பில்ல, ஒரு வாரத்துல ரத்தம் ஓடிப்போயிடாது.

தூக்கம் வராததுக்கும் பதில் அந்த டீயிலயே இருக்கு. டீ, காப்பியில இருக்கற கேஃபீனை கல்லீரல்ல ஒரு என்சைம்தான் ஒடைச்சு வெளிய தள்ளும். சிப்ரோ அந்த என்சைமை அமுக்கிடும். ஆக அஞ்சு கப் குடிச்சா பத்து கப் குடிச்ச மாதிரி நிக்கும், படபடப்பு, நடுக்கம், கொட்டக்கொட்ட முழிப்பு. இதே காரணத்துனால ஆஸ்துமாவுக்கு தியோஃபில்லின் போடுறவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், அந்த மருந்து ரத்தத்துல ஏறி ஃபிட்ஸ் வரைக்கும் கொண்டு போயிருக்கு. தசைப் பிடிப்புக்கு குடுக்கற டிசானிடின் கூட சிப்ரோவ சேக்கவே கூடாது, பிரஷர் தொபுக்குன்னு விழுந்துடும். ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் போடுறவங்களும் சொல்லிடணும்.

தாம்வே பையன்

வந்துட்டோம். டாக்டர் பாக்கெட்டைப் பாத்துட்டு தலையில அடிச்சுக்கிட்டார். சிப்ரோவ நிறுத்தச் சொல்லிட்டார், இப்போதைக்கு செஃப்ட்ரையாக்சோன் ஊசி தினம் ஒண்ணு போடச் சொல்லியிருக்கார், கல்ச்சர் வந்ததும் அதுக்கு ஏத்த மாதிரி மாத்தலாம்னார். குதிகால் நாண் வீங்கியிருக்கு, அறுந்து போகல. காலை தூக்கி வச்சு ரெஸ்ட், ஐஸ் ஒத்தடம். கிளிபென்கிளமைடை நிறுத்திட்டு சுகருக்கு வேற மாத்திரை குடுத்திருக்கார், இந்த வயசுக்கு அது ரொம்ப நேரம் சுகரை எறக்கி வைக்குமாம். கிட்னி பாக்க க்ரியேட்டினினும் எடுத்தாங்க. அந்த பாக்கெட் ஒரு மாசத்துக்கு எப்பவாவது ஒண்ணு ரெண்டுதான்னு அம்மா சத்தியம் பண்ணாங்க, அதனால அதை இப்பவே நிறுத்திடலாம்னார்.

அத்தைதான் இன்னும் சமாதானம் ஆகல. பாதியில விட்டா கிருமி பலமாயிடும்ங்கறாங்க. அது பொய்யா அப்ப?

ரிட்டயர்டு வாத்தியார்

உங்க அத்தை சொல்றதுல நியாயம் இருக்கு தம்பி. எங்க காலத்துல இருந்து டாக்டருங்க இதைத்தானே சொல்லி வளத்தாங்க. பெனிசிலின் கண்டுபுடிச்ச ஃப்ளெமிங்கே 1945ல நோபல் வாங்கினப்ப, மருந்தை கம்மி அளவுல எடுத்தா கிருமி அதுக்குப் பழகிக்கும்னு எச்சரிச்சார். இப்ப ஆளாளுக்கு ரெண்டு மாத்திரை போட்டு காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அலமாரியில போட்டு வைக்கறான், அடுத்த தடவை பொண்டாட்டிக்கு தொண்டை வலின்னா அதை எடுத்துக் குடுக்கறான். முழு கோர்ஸ்ங்கறதை விட்டுக்குடுத்தோம்னா கேக்கவே வேணாம்.

பஸுண்டாங் நர்ஸக்கா

வாத்தியாரய்யா, ஃப்ளெமிங் சொன்னது அளவு கம்மியா எடுக்கறதைப் பத்தி. நாள் கணக்கு வேற சமாச்சாரம். நீளமா போட்டாதான் கிருமி பழகாதுங்கறதுக்கு பல இன்ஃபெக்‌ஷன்ல ஆதாரமே கிடைக்கல, உல்டாவாத்தான் இருக்கு. நாம கொல்ல நெனைக்கற கிருமி ஒண்ணு, ஆனா மாத்திரை போடுற ஒவ்வொரு நாளும் குடல்ல இருக்கற கோடிக்கணக்கான கிருமிக்கும் சேத்துத்தான் பாடம் நடக்குது. அதுல தாக்குப்புடிக்கறது மட்டும் மிஞ்சி பெருகும். அதனாலதான் இப்ப டாக்டருங்களே நாளைக் கொறைச்சுக்கிட்டு வர்றாங்க. கிட்னி இன்ஃபெக்‌ஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வரைக்கும் எழுதுவாங்க, இப்ப சிப்ரோன்னா 7 நாள் போதும்ங்கறாங்க.

அதுக்காக நம்ம இஷ்டத்துக்கு நிறுத்தலாம்னு நான் சொல்லல. எத்தனை நாள்ங்கறது நோயைப் பொறுத்தது. டிபின்னா மருந்துக்கு அடங்கற சாதாரண வகைக்கே வழக்கமா 6 மாசம், அதுல ஒரு நாள் கூட விளையாடக்கூடாது. எழுதிக்குடுத்த நாளை நாமா வெட்டக்கூடாது, நாமா நீட்டவும் கூடாது, மாத்தணும்னு தோணினா எழுதினவங்ககிட்டயே கேக்கணும். நாண் வலி, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு முட்டல், கை கால் எரிச்சல் மரத்துப்போறது, மனசு கலங்கி உளர்றது, திடீர்னு நெஞ்சு வயிறு முதுகுல கிழிச்ச மாதிரி வலி, இதெல்லாம் வந்தா கோர்ஸாவது ஒண்ணாவது, உடனே நிறுத்திட்டு ஓடணும். அந்தக் கடைசி வலி பெரிய ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது, அரிது, ஆனா 2018ல அதுக்கும் எச்சரிக்கை வந்துச்சு. ஒரு வேளை மறந்துட்டா நெனப்பு வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுடணும், ரெண்டையும் சேத்துப் போடக்கூடாது. மிச்ச மாத்திரையை அலமாரியில சேக்கறதைப் பத்தி வாத்தியார் சொன்னதுக்கு மட்டும் ரெண்டு கையும் தூக்குறேன்.

மோல்மேன் மச்சான்

சரி அக்கா ஒத்துக்கறேன். ஆனா எனக்குப் புரியல, இவ்ளோ ஆபத்தான மாத்திரைன்னா எதுக்கு விக்கறான்? எங்க ஊர்ல வயித்துப்போக்கு, சளி, பல்வலி எதுக்குப் போனாலும் சிப்ரோதான் வெட்டிக் குடுக்கறான்.

மருந்துக்கடை பாய்

மச்சான், கெட்ட மாத்திரைன்னு யாரும் சொல்லல. கிட்னி இன்ஃபெக்‌ஷன், சில எலும்பு இன்ஃபெக்‌ஷன், ப்ளேக், ஆந்த்ராக்ஸ்னு இது உயிரைக் காப்பாத்தற இடம் இருக்கு. ஒரு சுவாரசியம் சொல்றேன், நம்ம பர்மா மலேரியாவுக்குப் பேர்போன நாடு, எங்க தாத்தா காலத்துல குளோரோக்வின் இல்லாத வீடு இல்ல. அந்த குளோரோக்வின் தயாரிக்கறப்ப ஒதுங்கின ஒரு பக்கப் பொருள்ல இருந்துதான் இந்தக் குடும்பத்தோட மூதாதை நாலிடிக்சிக் ஆசிட் 1962ல வந்துச்சு, அதுவும் யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குத்தான். சிப்ரோ அமெரிக்காவுல 1987ல வந்துச்சு. கிருமியோட டிஎன்ஏ சிக்கு விழாம பாத்துக்கற கைரேஸ்ங்கற என்சைமைப் போட்டு அமுக்கும், கிருமி காலி. ஆனா அந்த என்சைம்ல ஒரு எழுத்து மாறினா போதும், மாத்திரையோட பிடி தளர்ந்துடும். நாப்பது வருஷமா எதுக்கெடுத்தாலும் வெட்டிக் குடுத்து வெட்டிக் குடுத்து அந்த மாதிரி மாறின கிருமியை நாமதான் ஊர் பூரா வளத்து வச்சிருக்கோம். டைஃபாய்டுக்கு ஒரு காலத்துல சிப்ரோ ராஜா, இப்ப தெற்காசியாவுல பெரும்பாலான டைஃபாய்டு கிருமி அதை மதிக்கறதே இல்ல. சளிக்கு வைரஸ், அதுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. பல்வலிக்கு பல்லைப் பாக்கணும்.

உலக சுகாதார நிறுவனம் 2017ல ஆன்டிபயாடிக்கை எல்லாம் மூணு கூடையா பிரிச்சது. மொதல்ல எடுக்கற கூடையில அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், நைட்ரோஃபியூரன்டாயின் மாதிரி மருந்து. கண்காணிச்சு குடுக்க வேண்டிய ரெண்டாவது கூடையில சிப்ரோ. மூணாவது கடைசி கையிருப்பு. நம்ம கடைங்கள்ல ரெண்டாவது கூடைதான் மிட்டாய் டப்பா பக்கத்துல இருக்கு, என்னத்த சொல்ல.

வாங்கறப்ப அட்டையோட வாங்குங்க. நாலு மாத்திரைதான் வேணும்னு கத்தரியால வெட்டினா எக்ஸ்பயரியும் பேட்ச் நம்பரும் வேற துண்டுல போயிடும். முடிஞ்சா கடையில வெயில் நேரா அடிக்கற கண்ணாடி ஷோகேஸ்ல இருந்து எடுத்துத் தர்றதை வாங்காதீங்க.

தட்டோன் அம்மணி

நடுவுல பூந்து கேக்கறேன். மாமியாருக்கு 72, செக்கப்புக்குப் போனப்ப யூரின்ல பாக்டீரியா இருக்குன்னு ரிப்போர்ட். எரிச்சல் இல்ல, காய்ச்சல் இல்ல, நல்லா இருக்காங்க. கடையில சிப்ரோ குடுத்துட்டாங்க. ஆரம்பிக்கட்டுமா? இல்ல இங்க பேசற நைட்ரோஃபியூரன்டாயின் நல்லதா?

பஸுண்டாங் நர்ஸக்கா

அம்மணி, ரெண்டும் வேணாம். வயசான பொம்பளைங்களுக்கு, அதுவும் சுகர் இருந்தா, தொந்தரவே இல்லாம யூரின்ல பாக்டீரியா இருக்கறது சகஜம். ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பாக்கக்கூடாது, ஆளுக்குத்தான் பாக்கணும். மாசமா இருக்கறவங்களுக்கும், யூரின் பாதையில ஆபரேஷன் பண்ணப் போறவங்களுக்கும்தான் தொந்தரவு இல்லேன்னாலும் மருந்து குடுப்பாங்க. எரிச்சல், அடிக்கடி அவசரம், காய்ச்சல் வந்தா அப்ப டாக்டர்கிட்ட போங்க. நைட்ரோஃபியூரன்டாயின் நல்ல மருந்துதான், ஆனா அது யூரின் பையில மட்டும் வேலை செய்யும், கிட்னி திசுவுல போதுமான அளவு ஏறாது, கிட்னி ரொம்ப பழுதானவங்களுக்கு சரிப்படாது. அதனாலதான் தாம்வே தம்பியோட அம்மாவுக்கு அதை யாரும் சொல்லல.

தாம்வே பையன்

கல்ச்சர் வந்துடுச்சு. ஈ.கோலை. சிப்ரோவுக்கு நேரா பெரிய ஆர் போட்டிருக்கு, அடங்காதுன்னு அர்த்தமாம், அமாக்சிசிலினுக்கும் அதேதான். செஃப்ட்ரையாக்சோனுக்கு எஸ், அடங்கும்னு அர்த்தம். ஆக பால், ஜெல் எல்லாம் ஒரு பக்கம், மாத்திரை ஒழுங்கா உள்ள போயிருந்தாலும் வேலை செஞ்சிருக்காது போல. ஊசி போட்டதுல இருந்து காய்ச்சல் விட்டுடுச்சு, சாயங்காலமும் ஏறல. அத்தைக்கு அந்த ஆர் எழுத்தைக் காட்டினேன், கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை பாத்துட்டு ஒண்ணும் பேசல.

பால் குடம்தான் இப்ப வீட்ல சண்டை. கால் வலி பாதிதான் கொறைஞ்சிருக்கு.

பஸுண்டாங் நர்ஸக்கா

கல்ச்சர் எடுத்த அந்த மொத டாக்டருக்கு ஒரு கும்பிடு போடுங்க, பல பேர் எடுக்கறதே இல்ல. பால் குடம் இந்த வருஷம் நீங்க எடுங்க தம்பி, அம்மா நெழல்ல நாற்காலி போட்டு உக்காந்து பாக்கட்டும். நாண் முழுசா ஆறாம வெறுங்காலோட பாரம் தூக்கி நடந்தா அறுந்துடும், மாத்திரையை நிறுத்தின பிறகும் பல வாரம் கழிச்சு அறுந்த ஆளுங்க உண்டு. சிப்ரோ உடம்புல இருக்கறப்ப வெயில் பட்டா தோல் வெந்த மாதிரி செவக்கும், அது நிறுத்தின பிறகு சீக்கிரம் போயிடும், ஆனாலும் இந்த மாச வெயில்ல குடை வேணும். இன்னொண்ணு, இனிமே ஒரு ரெண்டு மாசத்துக்குள்ள தண்ணியா நிக்காம வயித்தால போச்சுன்னா, அதுவும் ரத்தம் சீதம் கலந்து போச்சுன்னா, லோபரமைடு வாங்கிப் போட்டு அடைக்காதீங்க, ஆன்டிபயாடிக் போட்ட கதையைச் சொல்லி டாக்டர்கிட்ட காட்டுங்க. எந்த கிளினிக்குக்குப் போனாலும் சிப்ரோ குடும்பம் ஆகாது, நாண் வீங்கிச்சுன்னு ஒரு சீட்டுல எழுதி சுகர் புக்குக்குள்ள ஒட்டி வச்சுடுங்க.

மோல்மேன் மச்சான்

கடைசியா ஒண்ணு, அக்கா திட்டாதீங்க. வீட்ல அரை அட்டை சிப்ரோ மிச்சம் இருக்கு. பையனுக்கு 4 வயசு, காலையில இருந்து தண்ணியா போகுது, ரத்தம் இல்ல, விளையாடிக்கிட்டுத்தான் இருக்கான். பாதி மாத்திரை பொடிச்சுக் குடுக்கலாமா?

மருந்துக்கடை பாய்

வேணவே வேணாம். ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கி அதுல போட்டிருக்கற அளவு கொதிச்சு ஆறின தண்ணியில கரைச்சு ஒவ்வொரு தடவை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, சாப்பாட்டை நிறுத்தாதீங்க, ஜிங்க் 20 மில்லிகிராம் தினம் ஒண்ணு, 10ல இருந்து 14 நாளைக்கு. ரத்தம் வந்தா, கண்ணு குழி விழுந்தா, ஒண்ணுக்கு வரலைன்னா, குடிச்சதெல்லாம் வாந்தி எடுத்தா, துவண்டு போனா உடனே ஆஸ்பத்திரி. அந்த அரை அட்டையை எதுக்கும் எடுத்து வைக்காதீங்க, பக்கத்துக் கடையில திருப்பி வாங்குவானான்னு கேளுங்க, வாங்கலைன்னா டீத்தூள் சக்கையோட கலந்து ஒரு பைல கட்டி குப்பையில போடுங்க, சாக்கடையில ஊத்தாதீங்க.

மோல்மேன் மச்சான்

ஓஆர்எஸ் வாங்கப் போறேன் பாய்.